மூன்று தரம் அழுத்தினேன்

கொட்பே ஐஸ் பக்டரியில் காலை பத்தே கால்.
உப்புத்தண்ணித் தொட்டி மைனஸ் ஒன்பது காட்டும்.
தகர அச்சுகள் கழுத்துவரை மூழ்கி
விறைப்பதற்குக் காத்திருக்கும்.
கம்பிரசர் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேச்சும் கேளாது.
கையுறையைக் கழற்றுவேன்,
கட்டைவிரலைச் சாரத்தில் துடைப்பேன்,
ஆல்ட்டாவில் ஒரு காரைச் சூடாக்குவேன்.

கார் தங்கச்சி தர்மினியுடையது.
படம் பார்க்கத்தான் கடவுச்சொல் தந்தாள்.
அங்கே அப்போது ஆறுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்,
அவள் சப்பாத்தோடு மல்லுக்கட்டும் நேரம்.
வெளியே மைனஸ் பத்தொன்பது என்று திரை சொல்லும்.
உள்ளே மைனஸ் பதினேழு.
பிறகு பூச்சியம், எட்டு, இருபத்தொன்று.
வெறும் ஆசனங்கள் இளஞ்சூடாகும்.
கண்ணாடியில் பனி தானாக வழியும் என்றாள்,
சுரண்டத் தேவையில்லையாம்.

எனக்கு யூனிட் தெரியும்.
அதுதானே என் வேலை.
ஐம்பது கிலோ ஐஸ் பார் ஒன்றுக்கு மூன்றரை யூனிட்,
மழைக் காலத்தில் கொஞ்சம் குறையும்.
வீட்டில் அறுபது தாண்டக்கூடாதென்று
மாதக் கடைசியில் மின்விசிறியோடு சண்டை பிடிப்பவன் நான்.
ஆனால் அந்தக் காரின் சூட்டுக்கு நான் கணக்கெழுதவில்லை.
வயர் சுவரில் குத்தியிருந்தது.
நூறு நூறாகவே நின்றது.
அசையாத எண்ணுக்குச் செலவில்லை என்று
ஒரு ஐஸ்காரன் நம்பினான், பாருங்கள்.

அந்த வியாழன் இரவு ஏழரைக்கு
ரம்சீனின் லொறிக்கு இருபது பார் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
அங்கே பின்னேரம் மூன்று. சூரியன் எழும்பாத மாதம்.
மலைமேல் தனியாக இருக்கும் ஒரு நோயாளிக்கு
மருந்து கட்டப் போயிருந்தாள்.
மூன்றுக்கு முடியும் என்று காலையில் சொன்னது ஞாபகம்.
அழுத்தினேன்.
அவள் வெளியே வரவில்லை. கார் ஆறியது.
இன்னொரு தரம் அழுத்தினேன்.
மனுசருக்குப் புண் கழுவ நேரம் எடுக்கும்தானே,
இன்னொரு தரம்.

முப்பத்தொன்று பதினேழாகியிருந்தது.
நான் பார்த்தது உள்ளே எத்தனை பாகை என்பதை மட்டும்.

இரவு பதினொன்றுக்குக் குரல்செய்தி:
"அண்ணா, ஆர் ஹீட்டரைப் போட்டது? நீயோ?
மலையில சார்ஜர் இல்லை. வயரும் இல்லை.
கடைசி இருபது கிலோமீற்றர் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஓடினனான்.
மூச்சு கண்ணாடியில உறையுது.
ஒரு கையால சுரண்டிச் சுரண்டி,
மற்றக் கையால ஸ்டியரிங்.
மூண்டு வீதத்தோட வந்து சேர்ந்தன்."
பிறகு கொஞ்சம் சத்தமில்லை.
பிறகு, "சாப்பிட்டியோ?"

பதினான்கு வீதம்.
நாற்பதில் பதினான்கு வீதம் ஐந்தரை யூனிட்டுக்கு மேல்.
ஒன்றரை பார் ஐஸ்.
யாரும் ஏறாத காருக்குள் அதை ஊற்றிவிட்டு
அவள் ஏறியபோது
குளிரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன்.
கணக்கைச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன்.
எழுதியதைக் கிழித்தேன்.

வெள்ளிக்கிழமை, பத்தே கால்.
கடவுச்சொல்லை மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன்.
இரண்டு அச்சுத் தூக்கினேன்,
அமோனியா முள்ளைத் தேவையில்லாமல் தட்டிப் பார்த்தேன்.
ரம்சீன் புல்மோட்டைக்குப் புறப்பட்டான்,
லொறியின் பின்னால் தார் ரோட்டில் ஈரக்கோடு,
வளைவு தாண்டுவதற்குள் பாதி காய்ந்துபோனது.
செயலியைத் திறந்தேன்.
திறந்தது.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மின்கலம் நூறு.
மூலையில் சின்னதாக ஒரு பிளக் படம்,
இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அவளிடமிருந்து ஒரு வரி:
"குத்தியிருக்கு. போடு."