ஐந்நூறு மில்லி சித்திரை

நாளொன்றுக்கு ஐந்நூறு மில்லி,
ரசமும் அதில் சேர்த்திதான்
என்று சொல்லி அனுப்பினார்கள் டயாலிசிஸ் பிரிவில்.
ரேஷன் கடையில் பதினோரு வருடம்
மண்ணெண்ணெய் அளந்தவள் நான்,
எனக்கு அளவு பயமில்லை.
குபேந்திரன்தான்
பாட்டிலில் நான் போட்ட மார்க்கர் கோடுகளைப் பார்த்து
லுங்கியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

சித்திரை வந்தது.
எல்லிஸ் நகர் மூன்றாம் மாடிவரை
கொட்டுச் சத்தம் ஏறி வந்தது.
போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
"வழியெல்லாம் பந்தல்.
கையப் பிடிச்சு இழுத்துக் குடுப்பான்.
எத்தனை பேர்ட்ட வேண்டாம்னு சொல்ல?"
என்றான் அவனே.

ஆகவே எதிர்சேவை ராத்திரி
மொட்டைமாடியில்
பத்து நாளையும் ஒரே ராத்திரியில் முடிப்பதாக ஏற்பாடு.
துளசிராம், பெனாசிர், கீழ்வீட்டு ஆரோக்கியம்.
நிபந்தனை ஒன்றுதான்:
அவன் குடிக்கும் அளவுதான் எல்லாருக்கும்.
இருமல் மருந்து மூடிகளைச் சேர்த்து
வெந்நீரில் போட்டு எடுத்திருந்தேன்.

திருக்கல்யாணத்துக்குப் பானகம்.
"வெல்லம் முதல்ல தெரியணும்,
சுக்கு அப்புறமாத்தான் தொண்டையப் பிடிக்கணும்.
அதான் கல்யாணம்" என்றாள் பெனாசிர்,
குடும்ப நீதிமன்றத்துக்கு நாலாவது வருடமாக நடப்பவள்.
பதினைந்து மில்லி.
பாட்டிலிலிருந்து அதே பதினைந்தை
ஓமவல்லித் தொட்டியில் ஊற்றினேன்,
கணக்கு கணக்குதான்.

தேருக்கு நீர்மோர், உப்பில்லாமல்.
"இது மோர் இல்லம்மா,
மோருக்கு விழுந்த துக்கம்" என்றார் ஆரோக்கியம்.
இஞ்சியை இன்னும் நசுக்கினேன்,
கறிவேப்பிலையைக் கையாலேயே கசக்கிப் போட்டேன்.
மாசி வீதித் திருப்பத்தில் தேர் எப்படிக் குலுங்கும் என்று
துளசிராம் தோளைச் சாய்த்துக் காட்ட,
மூடி மோரும் சட்டையில்.
மறுமூடி கிடையாது, போ.

பெனாசிர் நன்னாரியை ஐஸ் தட்டில் உறையவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.
குபேந்திரன் ஒரு கட்டியை
வலது கன்னத்தில் ஒதுக்கினான்.
பத்து நிமிடம் யாருக்கும் பதில் இல்லை.
பிறகு இடது கன்னம்.

நடு ராத்திரியில் சண்டை வந்தது.
விளக்குத்தூணிலிருந்து தூக்குவாளியில்
ஜிகர்தண்டா வாங்கி வந்தவன்
அதைத்தான் இப்போது ஊற்றவேண்டும் என்கிறான்.
நான் அடுப்பில் பருத்திப்பால் வைத்துவிட்டேன்.
தல்லாகுளத்தில் கால்கடுக்க நின்றவளுக்குத் தெரியும்,
மூணு மணிக்கு ஒரு குளிர் வரும்,
அக்னி வெயில் மாசத்திலும் வரும்,
அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் முதுகைத் தேடி வரும்.
அந்த நேரத்துக்குக் கருப்பட்டியும் சூடும்தான்.
பூப்பல்லக்குக்கு ஜிகர்தண்டா என்று சமாதானமானபோது
அது பாயசமாகியிருந்தது.
இருபது மில்லி பாயசம்.

விடியக்காலம் கீழ்வீட்டு டிவியிலிருந்து
ஆரோக்கியத்தின் மகள் கத்தினாள்,
"பச்சை! பச்சைப் பட்டு!"
துளசிராம் சும்மா இருந்தால்தானே.
புதுமண்டபத்தில் வாங்கிய தோல்பையை
சட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறான்.
முதல் பீச்சு நெஞ்சில்.
குபேந்திரன் பனியனைக் கழற்றி எறிந்தான்,
ஊசி ஏறும் இடது கையை மட்டும்
நனையாமல் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான்,
வாயை இறுக்க மூடிக்கொண்டான்.
அடிங்கடா என்பதைக் கண்ணாலேயே சொன்னான்.

பெனாசிர் பக்கெட்டோடு ஓடினாள்.
ஆரோக்கியம் தொட்டிக்குழாயில் ஹோஸைச் சொருகினார்.
மாடித் தண்ணீர் குழாய்வழி இறங்கி
இரண்டாம் மாடி அம்மாவின் கூழ்வற்றலை நனைத்து,
அந்த அம்மா படியேறி வந்து,
திட்ட வாயெடுத்து,
அவன் நின்ற கோலத்தைப் பார்த்து
தானும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுப் போனது.
எத்தனை குடம் போனது என்று
நான் அளக்கவில்லை.

எட்டு மணிக்கு எடை மேடையில் ஏற்றினார்கள்.
"ஒண்ணேகால் கிலோதான் கூடியிருக்கு,
இந்தத் தடவ கட்டுப்பாடாத்தான் இருந்திருக்கீங்க"
என்று எழுதிக்கொண்டே வந்த நர்ஸ்
பேனாவை நிறுத்தினாள்.

"தலை ஏன் இப்பிடிச் சொட்டுது?"