உரிமை கோரப்படாதது

ஃப்ரைபுர்க் ஆவணக் காப்பகத்தில்
பேனாவுக்கு அனுமதி இல்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்கிறேன்,
பதினேழாம் மேசை, சன்னலுக்கு வெளியே ட்ராம்.
"அந்தக் கப்பல்களில் உங்கள் ஆள் யாராவது?"
கோப்பு கொண்டுவரும் வால்ட்ராவுட்
மெதுவாகத்தான் கேட்கிறாள்.
இல்லை என்றால் நம்புவதில்லை.

தர்ஸோ தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம்
விலாசம் தேறாத கடிதங்களின் மேசை என்னுடையது.
ஓய்வு பெற்றும் கை அரிக்கிறது,
அவ்வளவுதான்.

மே மாதம். பேரண்ட்ஸ் கடல்.
சூரியன் மறைவதையே விட்டுவிட்டிருந்தது.
வைகறையும் எற்பாடும் ஒரே வெளிச்சம்.
'இரவு' என்று எழுதியவன்
பழக்கதோஷத்தில் எழுதியிருக்கிறான்.
விமானிகளின் கடிகாரத்துக்கு
இரண்டு மணி நேரம் பின்னால் கப்பல்களின் கடிகாரம்:
இதைக் கண்டுபிடிக்கவே ஒரு குளிர்காலம் போயிற்று.
அதுவரை என் அட்டவணையில்
குண்டு விழுமுன்னே கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன.

பானாக்கிலிருந்து ஒன்பது யுங்கர்ஸ்.
பார்டுஃபாஸிலிருந்து டார்பீடோவோடு பதினொரு ஹெய்ன்கல்.
திரும்பியவர்கள் காப்பி குடித்துவிட்டு
உரிமை கோரியிருக்கிறார்கள்:
எண்ணாயிரம் டன், மூழ்கியது.
ஏழாயிரம் டன், மூழ்கியது.
பத்தாயிரம் டன், தீப்பிடித்தது, மூழ்கியதாகக் கருதலாம்.
மூன்று படிவம், மூன்று கையெழுத்து,
மூன்றும் ஒரே கப்பல்.
அதுவும் மூழ்கவில்லை.
மாவு மூட்டையும் டாங்கியுமாக
ஒருக்களித்துச் சாய்ந்தபடியே
மூர்மன்ஸ்க் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பொய் என்று சொல்லமாட்டேன்.
தண்ணீரை உரசாத குறையாய்ப் பறந்து,
எதிரே இருப்பதெல்லாம் சுடுகையில்
ஒரு கணம் கழுத்தைத் திருப்பிப் புகையைப் பார்த்தவனிடம்
டன் கணக்குக் கேட்பது
கேட்பவன் குற்றம்.

ஆனால் 'கோரிவார்'.
ஐயாயிரத்துச் சொச்சம் டன், கடைசி வரிசை,
நாற்பத்திரண்டு பேர்.
அது மூழ்கியது உறுதி.
அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.
காவல் கப்பலின் குறிப்பு, 20.11:
'கோரிவார் தன் இடத்தில் இல்லை.'
துணைக்குப் போன இழுவைப் படகின் சமையற்காரன்
ஆல்பர்ட் ஸ்டகியின் நாட்குறிப்பில் ஒரு வரி:
'வலப்பக்கம் கடல் கொஞ்ச தூரம் எரிந்தது.
சூப் அடிப்பிடித்துவிட்டது.'

அனுப்பியவர் பேரில்லாத உறையை
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன் முன்பெல்லாம்.
முத்திரையில் பாதி ஊர்,
மடிப்பில் ஒரு தலைமயிர், ஏதாவது அகப்படும்.
அப்படித்தான் இந்த வியாழக்கிழமை
அவர்களுடைய இழப்புப் பட்டியலைப் பார்த்தேன்.
திரும்பாத ஹெய்ன்கல் ஒன்று. ஐந்து பேர்.
ஓட்டியவன் எக்கெஹார்ட் த்ரோஸ்ட், இருபத்திரண்டு வயது.
காரணம்: தெரியவில்லை. இடம்: தெரியவில்லை.
கடைசிக் கம்பியில்லாச் செய்தி 22.06,
'தாக்குகிறோம்.'

இரண்டு மணி நேரத்தைக் கழித்தேன்.
இன்னொரு தரமும் கழித்தேன்.

அடித்தோம் என்று சொல்ல அங்கே ஆளில்லை.
அடிபட்டோம் என்று சொல்ல இங்கேயும்.
இரண்டு காலிக் கட்டங்கள்
ஒரே வரியில் வந்து நிற்கின்றன,
ஒன்றையொன்று பார்க்காமல்.

சேர்த்துவிடலாமா?
ஊகத்தின் பேரில் கடிதத்தை ஒப்படைக்கக் கூடாது
என்பது எங்கள் விதி.
மூன்று தடவை மீறியிருக்கிறேன்.
இரண்டு சரியாகப் போயிற்று.
மூன்றாவதை, வேறொருத்தியின் மகன் செத்த சேதியை,
வாசலில் நின்றே பிரித்துப் படித்த பெண்
என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

மெலிதாக ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டின் மேல் ஒரு கேள்விக்குறி.
"மூடப் போகிறோம்" என்கிறாள் வால்ட்ராவுட்.
பென்சில் தூள் கோப்பில் விழாமல் ஊதுகிறேன்.
கேள்விக்குறியின் புள்ளி கொஞ்சம் அழுந்திவிட்டது,
அடுத்த தாளில், இன்னும் எதுவும் எழுதாத தாளில்,
தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறது.