எண்பத்தைந்து

எண்பத்தேழு வேண்டுமென்றால்
எண்பத்தைந்துக்கு மடிக்க வேண்டும்.
விட்டதும் இரண்டு டிகிரி தானே திரும்பிக்கொள்ளும்.
தகட்டுக்கு அவ்வளவு ரோஷம் என்பாள் விளாஸ்தா.

மாரிபோரில், திராவா ஆற்றுக்குத் தெற்கே,
பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் எங்கள் பட்டறை.
நீளத் தகடென்றால் இரண்டு ஆள்:
பெடல் பக்கம் அவள், மறுமுனையில் நான்.
ஒன்றேகால் மில்லிமீட்டர் எஃகு, எட்டடி.
மேலிருந்து கத்தி இறங்கும்போது
வெளி விளிம்பு எழுந்து வரும், தாடையைத் தேடி.
சேர்ந்த முதல் வாரமே எனக்கு இரண்டு தையல்.
அவள் முதலில் குனிந்து பார்த்தது தகட்டை,
ரத்தம் பட்டுவிட்டதா என்று.

கிராட்ஸ் நகரத்துச் செருப்புக்கடைக்குப் பன்னிரண்டு சுவர்ப் பலகைகள்.
ஒவ்வொன்றிலும் நான்கு விளிம்புத் தட்டு:
வெளியே ஒரு மடிப்பு,
தன்மேல் தானே ஒட்டப் படிகிற மடிப்பு,
பிறகு கீழ்நோக்கி ஒன்று.
வெட்டு இல்லை, பற்றவைப்பு இல்லை, ஒரே தகடு.
தொண்ணூறு இருந்தால் ஷூ வழுக்கும்.
எண்பத்தேழில்தான்
குதிகால் சுவரோடு ஒண்டி நிற்கும்.

நூற்று நாற்பத்து நான்கு முறை "இப்போ" என்றாள்.
நூற்று நாற்பத்து நான்கு முறை
என் முழங்கால் அவள் முழங்காலோடு மடிந்தது.
வேறு யாரோடும் நான் அவ்வளவு ஒத்துப்போனதில்லை,
கல்யாணம் செய்துகொண்டவளோடும்.

முதுகுப்புறத்தில் பென்சிலால் எண் போட்டு
ஒரு மேலம்பும் வரைந்தாள்.
பெயிண்டுக்கு முன் கழுவும் தொட்டியில் அது போய்விடும்,
இருவருக்கும் தெரியும்.
வரைந்தாள்.

நவம்பரில் அவளுக்குக் கடைவாய்ப்பல்.
கிராட்ஸில் மலிவு என்று யாரோ பொய் சொல்லியிருந்தார்கள்.
ரயிலில் துணைக்குப் போனேன்.
பாதி வாய் மரத்து, தொங்கிய உதட்டோடு
மருத்துவரிடமிருந்து நேராகக் கடைக்கு நடந்தாள்.

சுவர் இல்லை.
செருப்புகள் இருந்தன,
காற்றில் படியேறிப் பாதியில் நின்றவை போல.
நாங்கள் மடித்ததெல்லாம்
ஈரச் சிமெண்ட் நிறத்தில்
ஒன்றுமில்லாததாகிப் பின்னால் நின்றது.
எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.
அவள் விரலைச் செருப்புகளுக்குப் பின்னால் விட்டு
மடிப்போடு மடிப்பாய்த் தடவிப் போனாள்,
ஐந்தாவது பலகையில் நின்றாள்.

"என்ன சைஸ்?" என்று வந்தான் கடைப் பையன்.
சட்டையில் எர்டின்ச் என்றொரு வில்லை.
"தலைகீழ்" என்றாள் விளாஸ்தா.
மரத்த வாயில் அந்த ஜெர்மன் சொல்
அவனுக்கு முப்பத்தெட்டாகக் கேட்டது.
பெட்டியோடு திரும்பி வந்தான்: சிவப்புப் பூட்ஸ்.
அவள் சைஸ் முப்பத்தெட்டேதான்.

நான் சொன்னேன், பலகையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்று.
அவன் வாய் திறந்தது.
அப்போ அதுதானா?
இந்த வரிசையில் மட்டும் தினம் ராத்திரி
ஒரு ஜோடியாவது தரையில் கிடக்கும்.
கதவுக் காற்று என்றார் மேலாளர்.
காவலாளி பீட்டர் பேய் என்றார்,
இந்தப் பக்கம் வருவதே இல்லை.
அவனாக ஒவ்வொரு ஷூவுக்கடியிலும்
பழைய ரசீதைச் சுருட்டிச் செருகியிருந்தான்.

கழற்றி மாட்டலாம்.
எட்டுத் திருகு, இரண்டு ஆள், இருபது நிமிடம்.
என் கையே மறுமுனையைப் பிடிக்க நீண்டது.
ஆனால் சனிக்கிழமை, கூட்டம்,
மேலாளர் வியன்னாவில்.

விளாஸ்தா ஒரு ரசீதை உருவினாள்.
யாரோ வாங்கிய சாக்ஸ், மூன்று ஜோடி.
கவுண்டரில் வைத்து நகத்தால் கீறி மடித்தாள்,
வேண்டியதைவிட ஒரு நூல் அதிகமாக.
விட்டாள். திரும்பியது. நின்றது.
செருகினாள்.
ஷூ சுவரோடு ஒண்டிக்கொண்டது.

"இன்னும் நாற்பது இருக்கு" என்றான் எர்டின்ச்.

மேல்கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள்.
எச்சில் ஒழுகும் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு
"இப்போ" என்றாள்.