ஒரு குழாய், இரண்டு கவ்விகள்

எங்கள் கடிதங்கள் மரியாதையாகத் தொடங்கும்.
பனி இறுகும் இந்நாட்களில் தாங்கள் நலமா என்று கேட்டுவிட்டு
மூன்றாம் பத்தியில்தான் பிரேக்குக்கு வரும்.
'குழாயில் விரிசல் ஏற்படும் வாய்ப்பை
முற்றிலும் மறுப்பதற்கில்லை.'
இந்த ஒரு வாக்கியத்தைத் தலைமையகத்தில்
ஒன்பது பேர் கூடி எழுதினார்களாம்.
நான் மடித்து உறையிலிடுகிறவள்.
நாகவோக்கா கிளை, முன்மேசை, குவபாரா ஷியோரி.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வண்டிகள் வந்துபோயின.
ஒரு குழாய், இரண்டு கவ்விகள், நாற்பது நிமிடம்,
காத்திருப்போருக்கு பார்லி டீ.
மிச்ச நான்கைத் தேடிக்கொண்டிருந்தபோது
மேலிருந்து ஒரு திருத்தம்:
கப்பலேறிப் போனவற்றைக் கணக்கிலிருந்து கழிக்கவும்.
கழித்தோம்.
நூறு ஆனது.
அன்று மாலை கேக் வெட்டினார்கள்.
எனக்கு வந்த துண்டில் ஸ்ட்ராபெரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மங்கோலியாவிலிருந்து,
தார்கான் என்ற ஊரிலிருந்து, ஒரு கடிதம்.
பின்கண்ணாடியில் இன்னும் உரியாத
எங்கள் கிளையின் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதியிருந்தாள்
செந்த்சுரேன், டாக்ஸி ஓட்டுகிறவள்.
ஏதோ ஒரு செயலி பெயர்த்துக் கொடுத்த ஜப்பானிய மொழி.
அதில் பிரேக் 'கல்லாகிப்போன கால்' ஆகியிருந்தது.
எனக்குப் புரிந்தது.
உறைந்த சரிவில் மிதித்திருக்கிறாள், மிதி இறங்கவில்லை.
இரண்டு காலாலும் ஏறி நின்றிருக்கிறாள்.
பின்னிருக்கையில் பள்ளி விட்டு வரும் யாருடையவோ இரட்டைப் பிள்ளைகள்.
சாலையோர மணல்மேடு அவர்களை வாங்கிக்கொண்டது.
படமும் வைத்திருந்தாள்: கையுறையின் மேல்
பனிக்காலக் குதிகாலைப் போல
வெடித்துக் கிடந்த ரப்பர்.

எங்கள் சோதனைக் குளிரறைக்கு
மைனஸ் முப்பது வரைதான் தெரியும்.
அவள் ஊர் ஜனவரிக்கு அது தெரியாது.

கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள்.
சாவியைத் திருப்பும்போதெல்லாம்
வண்டிக்குள் ஒரு பெண் பேசுகிறாளே, என்ன சொல்கிறாள்?
காலை வணக்கம் என்று நினைத்து
நான்கு வருடமாகப் பதில் வணக்கம் சொல்கிறாளாம்.

சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.
அவ்வளவுதான், செந்த்சுரேன், அவள் சொல்வது.
அட்டையைப் பற்றி அவளுக்கு அத்தனை அக்கறை.
குழாயைப் பற்றி ஒரு சொல்கூட
அவளுக்குக் கற்றுத்தரவில்லை நாங்கள்.

மேலாளரிடம் எடுத்துப்போனேன்.
ஒன்றை அனுப்பினால்
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்.
கெட்டவரல்ல, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.
இதற்கென்று பதினான்காம் எண் மாதிரிப் பதில் இருக்கிறது:
'தங்கள் நாட்டில் இவ்வாகனத்தை நாங்கள் விற்கவில்லை.'
விற்கவில்லைதான்.
செய்தோம்.
முத்திரை குத்தி அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை செகிஸாவா வந்தார், முதல் உரிமையாளர்,
கையில் ஐந்தாவது நினைவூட்டல்.
கணக்குதான் அவரைக் கழித்திருந்தது,
தபால் இயந்திரம் கழிக்கவில்லை.
'விற்று ஏழு வருடமாகிறதம்மா.
இப்போது யார் ஓட்டுகிறார்கள்?'
இப்படிக் கேட்டவர் எவருமில்லை இதுவரை.
சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
கடிதத்தை இன்னொரு முறை படித்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.
'இதில் என் பெயர்தானே இருக்கிறது?
அப்படியானால் குழாயைக் கொடு.'

ஜனவரிக் கடைசியின் இருப்புக் கணக்கில்
ஒரு குழாய், இரண்டு கவ்விகள் குறைந்தன.
குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
பழுது என்று எழுதினேன்.
ஒன்பது பேர் சுற்றிவளைத்துத் தாண்டிப்போன சொல்,
மூன்றே எழுத்து.

போய்ச் சேர்ந்ததா, தெரியவில்லை.
கைபேசியில் இப்போதெல்லாம்
இரண்டு ஊர்களின் வானிலை வைத்திருக்கிறேன்.
நாகவோக்கா ஒன்று.
தார்கான் மைனஸ் முப்பத்துநான்கு.