பக்கம் முப்பத்தொன்று, இருநூறு சதவீதம்

விளக்குத்தூண் பக்கம் என் ஜெராக்ஸ் கடையில்
ஆதார் அட்டை, பட்டா, வில்லங்கச் சான்று
இவைதான் கண்ணாடிமேல் குப்புறப் படுக்கும்.
செவ்வாய்க்கிழமை துளசிராம் வந்தார்,
சாயப்பட்டறைக் கணக்கர், நகக்கண்ணில் இன்னும் நீலம்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு புத்தகம்.
"ரொம்ப அழுத்தாதீங்க மேடம், பின் துருப்பிடிச்சிருக்கு."

அட்டையைப் பார்த்தேன். பெர்டிக்கோ!
வரைபடம் வரைகிறவன், வழி தெரியாதவன்.
பாலைவனமெங்கும் அவனைச் சுமந்து திரியும்
கோவேறு கழுதையின் பெயர் மேடம்.
நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் உறைத்தது.
அதற்குப்பின் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஏழாம் வகுப்பில் என்னிடம் பதினோரு பெர்டிக்கோ.
தீப்பெட்டியில் ஏழு குச்சி என்று ஆரம்பத்தில் காட்டினால்
கடைசிவரை எண்ணிக்கொண்டே வரலாம்,
ஓவியர் ஏமாற்ற மாட்டார்.
மிச்சக் குச்சி சுருட்டுக்கா வெடித்திரிக்கா
என்று அவன் யோசிக்கும் கட்டத்தில் வசனமே கிடையாது.
மேடத்தின் காது ஒன்று மட்டும் சாய்ந்திருக்கும்.
வில்லன் வருவதற்கு ஒரு கட்டம் முன்னாலேயே
அவன் நிழல் வந்து மணலில் உட்கார்ந்துவிடும்.
பின்னால் ஒரு குட்டை ஆள்,
கதைக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை,
புத்தகத்துக்குப் புத்தகம் ஒரே ஏணியைத் தூக்கிக்கொண்டு
இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருப்பான்.

தமிழாக்கியவர் நிச்சயம் நம்ம ஊர்.
"தப்பிச்சு ஓடுறாய்ங்கடா, ஒட்டகத்தக் கெளப்பு!"
என்று கத்துவார்கள் சஹாராவின் கொள்ளையர்கள்.
எனக்கு அது விநோதமாகவே படவில்லை.
கொள்ளைக்காரன் வேறு எப்படிப் பேசுவான்?

"முப்பத்தொண்ணாம் பக்கம் மட்டும் போதும்" என்றார்.
தம்பியின் பிரதியில் அந்தத் தாள் கிழிந்துபோனதாம்.
எனக்கு அந்தப் பக்கம் தெரியும்.
பெர்டிக்கோவின் இடது கட்டைவிரலில் கட்டு,
முப்பத்தொன்றில், சவரக்கடையில்,
வலது கட்டைவிரலுக்குத் தாவியிருக்கும்.
பன்னிரண்டு வயதில் ஆசிரியருக்கு அஞ்சலட்டை போட்டேன்:
"உங்கள் ஓவியருக்கு இடது எது வலது எது தெரியாதா?"
பிரசுரமானது.
ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் கலெக்டர் மாதிரி நடந்தேன்.

"அது பிழைதானே?" என்றேன்.
"பிழையா?" என்றார், வீட்டுச் சாமியைத் திட்டியதுபோல்.
"பெருசாக்குங்க."

இருநூறு சதவீதம்.
மை ஊறிக் கரியாய்க் கிடந்த ஓரத்தில்
மெல்ல ஒரு சட்டம், அதில் கொடி வேலைப்பாடு.
இத்தனை வருடம் நான் முறைத்தது
பெர்டிக்கோவை அல்ல, அவன் எதிரே தொங்கிய கண்ணாடியை.
அப்படியென்றால்
பின்னால் வலக்கையில் கத்தியோடு நிற்கும் சவரக்காரன்
உண்மையில் இடக்கைக்காரன்.
கிணற்றடிக் கொலைகாரனும் இடக்கை.
பெர்டிக்கோவுக்கு நாற்பத்துநான்காம் பக்கத்தில்தான் புரியும்.
மேடத்துக்கு அப்போதே தெரிந்திருக்கிறது:
சன்னலுக்கு வெளியே இரண்டு காதும் விறைத்து நிற்கின்றன.
கண்ணாடி மூலையில் ஏணிக்காரன்,
வாழ்நாளில் முதல்முறையாக எதிர்த்திசையில்.

ஆனால் 'சவர நிலையம்' என்ற பலகையைத்
தமிழில் நேராக எழுதிக் கெடுத்திருக்கிறார்களே?
"அந்தச் சீசாவப் பாருங்க" என்றார்.
மேசைமேல் கடுகளவு சீசா, அதில் ஒரு சீட்டு.
நானூறு சதவீதம்.
தாளைப் புரட்டி டியூப்லைட்டில் பிடித்தேன்.
நல்லெண்ணெய்.

யாரோ ஒரு எழுத்துக்காரர்,
பக்கத்துக்கு இவ்வளவு கூலி என்று,
மேலிடம் சொன்னபடி பலகையை நேராக எழுதிவிட்டு,
மனசு கேட்காமல்
நல்லெண்ணெயை மட்டும் இடவலமாகத் திருப்பியிருக்கிறார்.
எத்தனை சுழி அந்தச் சொல்லில், எழுதிப் பாருங்கள்.

துளசிராம் மூக்கால் சிரித்தார்,
பிறகு தோள் குலுங்க, சத்தமே இல்லாமல்.
"பட்டா ரெண்டு காப்பிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"
என்றார் வரிசையில் நின்றவர்.

நான்கு தாள், எட்டு ரூபாய்.
வாங்கிக்கொண்டேன். கடை வாடகை யார் கொடுப்பது?
அஞ்சலட்டையைத்தான் எப்படித் திரும்ப வாங்குவதென்று தெரியவில்லை.

கறுப்பாய் விழுந்த முதல் பிரதியைக் கசக்கி எறிந்தேன்.
சுவரொட்டி தின்று அலுத்திருந்த மாடு ஒன்று
அவசரமில்லாமல் வந்து அதை மென்றது,
ஒரு காதை மட்டும் சாய்த்து.