அறையொலி

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது
கடைசிக்கு முந்தின வரி நான்:
ஒலிப்பதிவு, யெர்னெய் கோஸ்.
அதற்குள் பாதி அரங்கு செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

மாரிபோர். நான்காவது மாடி. மின்தூக்கி இல்லை.
மிலோய்கா வோடுஷெக் சட்டையில்
மைக்கைக் குத்தினேன். குளிர்சாதனப் பெட்டியை
நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.
‘மீன் இருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள்’ என்றார்.

எண்பத்தைந்தில் இவருக்கு இருபது வயது.
கிராத்ஸ் நகரத்திலிருந்து
துவைத்தூள் பெட்டிக்குள் புதைந்து
எல்லை தாண்டி வந்தது
ரப்பர் விசை வைத்த கணினி.
ஒரு மாதம் வரை
‘ஏ’ விசையை அழுத்தினால் சோப்பு வாசனை.
அதில் கட்டினார் ஒரு கோட்டையை.
மனக்கோட்டை என்று சொல்லிவிட முடியாது,
எடை உண்டு:
நாற்பத்தெட்டு கிலோபைட்.

சனி இரவு பத்தரைக்கு
வானொலியில் அந்தக் கோட்டையை ஒலிபரப்பினார்கள்.
‘டேப்பை ஓடவிடுங்கள்’ என்பார் அறிவிப்பாளர்.
பிறகு நான்கு நிமிடம்
தகரத்தைப் பல்லால் கடிக்கிற சத்தம்.
ரொட்டி வண்டிக்காரர்கள் பெட்டியை ஓங்கி அடித்தார்கள்.
நாய்கள் எழுந்து வேறு அறைக்குப் போயின.
பையன்கள் மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தார்கள்.
போஹோர்யே மலைமேல் ஒரு மின்னல் வெட்டினால் போதும்,
அந்த வாரம் எந்த வீட்டிலும்
கோட்டை எழும்பாது.

இயக்குநர் தியாஷா
அந்த நாடு கலைந்த பிறகு பிறந்தவள்.
‘அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?’ என்கிறாள்.
‘காது வலித்தது’ என்கிறார் மிலோய்கா.
தியாஷா தாளில் எதையோ அடிக்கிறாள்.

பிறகு, திட்டமிட்டபடி,
கதவுக்கு வெளியே காத்திருந்த விலிபால்ட் உள்ளே வந்தார்.
ப்தூய் ஊர்த் தபால்காரர்.
படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.
கையில் கட்டம் போட்ட தாள்கள்,
மடிப்புகளில் ஒட்டிய நாடா மஞ்சளித்திருக்கிறது.
ஆறு கதவுகள் திறந்தாகிவிட்டன.
ஏழாவதற்கு முப்பத்தொன்பது வருடம்.
‘சாவி கிணற்றுக்குள்ளா?’

தியாஷா எனக்குக் கண் காட்டினாள்:
இதுதான், இதை விட்டுவிடாதே.

மிலோய்கா தாளைப் புரட்டிப் பார்த்தார்,
மாணவன் கணக்கைப் பார்ப்பது போல அல்ல,
தன் வீட்டு மின்கட்டண ரசீதைப் பார்ப்பது போல.
‘சாவி இல்லை.
கதவை வரைந்தேன், அதோடு நினைவகம் தீர்ந்துவிட்டது.
பின்னால் அறையே கிடையாது.’

நான் ஒலி அளவை ஏற்றினேன்.
ஒன்றும் வரவில்லை.
விலிபால்டின் கைக்கடிகாரம் மட்டும்.

‘ஆனால்’ என்றார் அவர்,
‘நான் தட்டினேன்.
வெகு நேரம் நின்றால்
உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.
இரண்டு முறை.
அதனால்தான் விடவில்லை.’

‘பதினொரு பைட் மிச்சம் இருந்தது.
என் பெயரை வைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.
பெயரை யார் படிக்கப் போகிறார்கள்?’

அவ்வளவுதான் பேட்டி.
நன்றி சொன்னோம், விளக்கை அணைத்தோம்.

என் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.
ஒவ்வொரு பேட்டிக்குப் பிறகும்
ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது,
அசையக் கூடாது.
ஆளில்லாத அறையின் ஒலி வேண்டும் எனக்கு,
வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு.
பார்வையாளர் அதைக் கேட்கமாட்டார்.
அது இல்லாவிட்டால் மட்டும் கேட்பார்.

ஐந்து பேர் நின்றோம்.
கீழே ஒரு பேருந்து பெருமூச்சு விட்டுப் போனது.
மீன் நினைவுக்கு வந்தது.
நாற்பதாவது நொடியில்
என் காதுக்குள், மிக அருகில்,
மரத்தின்மேல் விரல் முட்டி:
டொக். டொக்.

நிமிர்ந்து பார்த்தேன்.
மிலோய்காவின் கைகள் மேசைக்கு அடியில்.
முகம் சன்னல் பக்கம்.
விலிபால்ட் தாள்களை மடித்தபடியே
பாதியில் நின்றிருந்தார்.

‘கிடைத்ததா?’ என்றாள் தியாஷா.
‘இன்னொரு முறை எடுக்கலாம்’ என்றேன்.

இரண்டாவது சுத்தமாக வந்தது. படத்தில் இருப்பது அது.
முதலாவதற்கு எதிரே என் குறிப்பேட்டில்:
அறையொலி, மாரிபோர், கெட்டுவிட்டது,
அழிக்க வேண்டாம்.