நாற்பத்து மூன்றாம் வாரம்

ஃபுளோரிடாவின் கடலோர ஊர் ஒன்றில்
பத்திரப் பதிவு அலுவலகம்.
ஏழாம் கவுண்டரில் முத்திரை குத்துவது என் வேலை.
'இங்கே ஆலோசனை வழங்கப்படாது'
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
ஒட்டியவன் நான்தான்.

மினசோட்டாவிலிருந்து வந்திருந்தாள் ரோடா ஹாஸ்கெல்.
முப்பத்தோரு குளிர்காலம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
தபாலில் அனுப்பினாலே போதும்;
கடலையும் பார்த்துவிடலாமென்று
நேரில் வந்தாளாம்.

விலை ஒரு டாலர்.
பதிவுக் கட்டணம் பத்து.
முத்திரை வரி எழுபது சென்ட்.
சில்லறையை எண்ணி வைத்துச் சிரித்தாள்:
"உங்க ஊர் காபியைவிட மலிவு, என் கடல்."

சில்வர் ஹெரான் விடுதி, அறை 412,
ஆண்டுதோறும் நாற்பத்து மூன்றாம் வாரம்.
எனக்குத் தெரியும் அந்த அறையை.
ஒரே கதவுக்கு ஐம்பத்திரண்டு சொந்தக்காரர்கள்.
அக்டோபர் கடைசிக்காரர் மட்டும்
மாறிக்கொண்டே இருப்பார்.
முதல் பெயர் பதினெட்டாயிரம் கொடுத்தது.
அடுத்தது இரண்டாயிரம்.
அதற்கடுத்தது நூறு.
விலை இறங்க இறங்க
வாங்குபவர் முகத்தில் வெளிச்சம் ஏறுகிறது.
ஏனென்று எனக்குப் புரிவதில்லை.
புரியும்.
புரியாததுபோல் இருப்பது
பென்ஷனுக்கு நல்லது.

விற்றவர் திரு. கார்லைல் டட்டில்,
மூடியைக் கழற்றியே பேனாவை நீட்டினார்.
அவள் கையெழுத்தின் கடைசி வளைவு முடியும்வரை
மூச்சு விடவில்லை.
கால் பணச் சுண்டைக்காய் கைமாறியது.
முக்கால் பணச் சுமைகூலி
அவர் தோளிலிருந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.
வாசல் தாண்டும்போது மனிதர்
ஓர் அங்குலம் உயர்ந்திருந்தார்.

குத்தினேன்.

மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை
ஷூப்பெட்டியோடு வந்தாள்.
உள்ளே கடிதங்கள்:
பராமரிப்புக் கட்டணம், ஆயிரத்து நூற்று எண்பது.
டட்டில் கட்டாமல் விட்ட இரண்டாண்டு பாக்கி,
வட்டியோடு, இப்போது அவள் பெயரில்.
புயல் தூக்கிப்போன கூரைக்கு
அவள் பங்கு மூவாயிரத்து நானூறு.
வாரத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றதற்கு
இரண்டே வரி:
அந்தச் சலுகை எங்களிடம் நேரடியாக வாங்கியவருக்கு மட்டும்.
'விடுவித்துத் தருகிறோம்' என்று
நாலாயிரம் வாங்கிய கம்பெனியின் ரசீது.
அந்த எண்ணில் இப்போது
ஒரு பிட்சா கடைக்காரர் எடுக்கிறாராம்;
பாவம், நல்லவராம்.

பாக்கி இருக்கிறதா என்று
வாங்குமுன் விடுதியைக் கேட்டு எழுதிய கடிதம்
பெட்டியில் இல்லை.
எழுதவே இல்லை அவள்.
ஒரு டாலருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

"ஒரே ஒருமுறைதான் தங்கினேன்" என்றாள்.
"ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்.
காற்றடித்து மூன்றாம் நாளே வெளியேற்றிவிட்டார்கள்.
நீச்சல் குளத்தில் எழுதியிருந்தது,
ஆழம் நான்கடி என்று.
காலை விடுமுன் படித்தேன்."

சற்றுப் பொறுத்துக் கேட்டாள்:
"இதைத் தலைமுழுக எங்கே போகணும்?
நான் செத்தால்
என் மகனுக்குப் போகுமா?"
கண்ணாடியில் ஒட்டியதை நான் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.

வரிசையில் பின்னால் ஓர் இளம் ஜோடி.
ஏதோ திருமணச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள்.
அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்:
"கடலோர அறையா? விற்கிறீர்களா? எவ்வளவு?"

ரோடாவின் கைப்பையில் ஒரு பேனா இருந்தது.
வெளியே எடுத்தாள்.
மூடியைத் தொட்டுக்கொண்டே நின்றாள்,
சிவப்பு விளக்கில் பேருந்தை நிறுத்தி
பின்கண்ணாடியில் பிள்ளைகளை எண்ணியதுபோல்.

"விலையைக் கேட்காதே, கண்ணு.
வருஷத்துக்கு எவ்வளவுன்னு கேள்" என்றாள்.
"கேள், சொல்றேன்."

நான் முத்திரையை எடுத்து
மைப்பெட்டியில் அழுத்தினேன்.
குத்த எதுவும் இல்லை.